கருப்பட்டிக்குக் காட்டிய வழி

தம்பி, தப்பாக நினைக்காதீர்கள். அந்த ஜன்னலோரத்தை எனக்குத் தர முடியுமா? கையில் கிறிஸ்துமஸ் ஸ்டார் வைத்திருக்கிறீர்கள், காற்றுக்குத் தாள் கிழிந்துவிடும். இந்தப் பக்கம் வந்துவிட்டால் உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

சரி, எனக்குத்தான் நல்லது. ஸ்டாரைச் சும்மா சொன்னேன்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார். பழைய கண்டக்டராக இருந்தால் அவரே சொல்லிவிடுவார், 'பெரியவருக்கு ஜன்னல விடுங்க' என்று. இன்றைக்குப் புது ஆள். நீங்கள் சாயர்புரம் வரைக்குமா? மாமனார் வீடா? நல்லது, நானும் சாயர்புரம்தான். இல்லை, எனக்கு அங்கே பண்டிகை ஒன்றும் இல்லை. போய்விட்டு இதே வண்டியில் திரும்பி வருவேன். போகும்போதும் இடது பக்கம், வரும்போதும் இடது பக்கம். அப்படி உட்கார்ந்தால் ரோட்டின் இரண்டு ஓரமும் பார்த்தாகிவிடும். மற்ற மாதங்களில் வாரத்துக்கு ஒரு நடை. டிசம்பர் பிறந்தால் தினமும்.

என்னத்தைப் பார்க்கிறேன் என்றா கேட்கிறீர்கள்? சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. உங்கள் வீட்டில் நாய், பூனை உண்டா?

நாயா. அப்படியானால் அந்தக் கேக்கை அதற்குப் பிட்டுப் போட்டுவிடாதீர்கள். கிஸ்மிஸ் நாய்க்கு ஆகாது. ஸ்டாருக்குள் பல்பு போடுவீர்கள், வயரைத் தரையில் இழுக்காமல் உயரத்தில் கொண்டுபோங்கள். ஜிகினாத் தாள் கீழே கிடந்தால் உடனே எடுத்துவிடுங்கள். வெடி போடும்போது உள் அறையில் விட்டு, கதவைச் சாத்தி, ரேடியோவைப் பாட விடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, வாசல் கதவு. பண்டிகை வீட்டில் ஆள் வருவதும் போவதுமாக இருக்கும், யாரும் கதவைப் பார்க்க மாட்டார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்கள். எனக்கு ஒன்றும் தெரியாது தம்பி. என் மருமகள் சொன்னது. அவள் எதற்காகச் சொன்னாள் என்பதுதான் விஷயம்.

என் பேர் வேதமுத்து. நாசரேத்துக்குப் பக்கம். தூத்துக்குடியில் மில் வேலை பார்த்தேன். பார்த்த காலமெல்லாம் இந்த ரோட்டில்தான் போக்கும் வரத்தும். என் மனைவி ரத்னபாய் ஒரு பூனை வளர்த்தாள். கருப்பும் இல்லை, தவிட்டு நிறமும் இல்லை, நல்ல காய்ந்த கருப்பட்டியை உடைத்தால் உள்ளே ஒரு நிறம் இருக்கும் பாருங்கள், அந்த நிறம். அதனால் கருப்பட்டி என்று பேர் வைத்தாள். எனக்கு முதலில் அதைப் பிடிக்காது. மீன் சட்டியைச் சுற்றி வரும். 'உம்மைவிட அது நான் சொன்ன பேச்சு கேக்கு' என்பாள். சிரித்துக்கொண்டே சொல்வாள், ஆனால் உண்மையாகத்தான் சொல்வாள்.

அவளுக்கு முடியாமல் போனபோது இதே ரோட்டில்தான் தூத்துக்குடிக்குக் கொண்டுபோனோம். ஆம்புலன்ஸில். அதன் கண்ணாடியில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள், வெளியே ஒன்றும் தெரியாது. 'எந்த இடம் வந்திருக்கு? எந்த இடம் வந்திருக்கு?' என்று கேட்டுக்கொண்டே வந்தாள். 'கிட்ட வந்தாச்சு' என்று சொன்னேன். எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை. ஆயுசெல்லாம் வந்து போன ரோடு, தெரியவில்லை.

அதை விடுங்கள். பூனையைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

அவள் போன பிறகு கருப்பட்டி என்னிடம் வந்துவிட்டது. நான் கூப்பிடவில்லை, அதுவாக வந்தது. அவளுடைய மடித்து வைத்த சேலை மேல்தான் தூங்கும். அதன் கழுத்தில் அவள் ஒரு துணி நாடா கட்டியிருந்தாள், அரக்கு நிறம், பழைய ரவிக்கையில் கிழித்தது. இந்த நிறத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அரக்கு. சிவப்பு இல்லை.

இதோ, குரும்பூர் வந்துவிட்டது. ஒரு நிமிடம்.

இல்லை. அது சாக்குப்பை.

அந்த வருடம் என் மகன் ஆல்வின் குடும்பத்தோடு கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னான். சென்னையில் இருக்கிறான். அவன் மனைவி ஷீபா, ஒரே பிள்ளை ஜெமி. அரைப்பரீட்சை லீவு, புது வருடம் வரைக்கும் இருப்பதாகப் பேச்சு. அம்மா இல்லாத வீடு, அப்பா தனியாக இருக்கிறார் என்று அவனுக்கு ஒரு எண்ணம். நான் எங்கே தனியாக இருந்தேன்?

வருவதற்கு முன்னால் ஷீபா ஃபோன் செய்தாள். படித்த பெண், மரியாதையாகப் பேசுவாள், அதில் குறை சொல்ல மாட்டேன். சாப்பிட்டீங்களா, மழையா என்று விசாரித்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, கருப்பட்டி ராத்திரி எங்க படுக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. எதற்குக் கேட்கிறாள்? பிள்ளைக்கு வீசிங் இருக்கிறது என்று முன்னே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அவளே மேலே பேசினாள். "மாமா, பட்டாசு நேரத்துல அதைப் பத்திரமா வெச்சுக்கணும் மாமா. சீரியல் லைட் வயரைக் கடிச்சிரும். குடில்ல தொங்க விடற ஜிகினாவை முழுங்கிடும். கேக்ல இருக்கிற கிஸ்மிஸ் ஆகாதாம். கதவு திறந்திருந்தா ஓடிரும். எல்லாம் படிச்சேன் மாமா. பத்திரமா வெச்சுக்கோங்க."

கேட்டீர்களா தம்பி? ஒரு வாயில்லாத பிராணி மேல் எத்தனை குற்றம்! வயரைக் கடிக்கும், தாளைத் தின்னும், கேக்கில் வாய் வைக்கும், கதவு திறந்தால் ஓடும். இதற்கு என்ன அர்த்தம்? 'நாங்கள் வரும்போது பூனை வீட்டில் இருக்கக் கூடாது' என்று அர்த்தம். மருமகள் மாமனாரிடம் அதை நேராகச் சொல்வாளா? நம் பக்கத்தில் எந்த வீட்டில் நேராகச் சொல்கிறார்கள்? 'மாமா, வெயில் ஏறுதே' என்றால் 'இன்னும் கிளம்பலையா' என்று அர்த்தம். 'இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா' என்று கரண்டியைச் சட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு கேட்டால், போதும் எழுந்திரு என்று அர்த்தம். இதெல்லாம் தெரியாமலா இத்தனை வயதுக்கு வந்தேன்?

ஆல்வினிடம் சொன்னேன். "எப்பா, அவ அப்படிச் சொல்லலப்பா" என்றான். பெண்டாட்டிக்குப் பரிந்து பேசத்தானே செய்வான்? எனக்குக் குடும்பத்தில் சண்டை பிடிக்காது.

என் தங்கை செல்லக்கனி சாயர்புரத்தில் இருக்கிறாள். தெருவை விட்டு ஒதுங்கிய வீடு, பின்னால் தோட்டம். அங்கே வெடிச் சத்தம் குறைவு. பண்டிகை முடியும்வரை கருப்பட்டியை அவளிடம் விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். பத்திரமாக இருக்கும் அல்லவா? பத்திரமாக வை என்றுதானே கேட்டார்கள்?

கொண்டுபோவதில்தான் ஒரு முறை இருக்கிறது. பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோவார்கள், பார்த்திருப்பீர்கள். ரத்னபாய் அதைக் கண்டால் சாபம் விடாத குறையாகப் பேசுவாள். 'சாக்குல கட்டிட்டுப் போறவன், திரும்பி வராதேன்னு கொண்டு போறான். திரும்பி வரணும்னு நெனைக்கவன் வழியக் காட்டிட்டுல்லா போவான்' என்பாள். அது என் மனதில் இருந்தது. ஆகவே ஓலையில் முடைந்த ஒரு கடகப்பெட்டியில் அவள் சேலையை விரித்து, கருப்பட்டியை உட்கார்த்தி, மேலே மீன் வலைத் துண்டைக் கட்டினேன். வெளியே எல்லாம் தெரியும். இதே வண்டியில், இதே ஜன்னலோரத்தில், பெட்டியை மடியில் தூக்கி வைத்து வழியைக் காட்டிக்கொண்டு போனேன்.

வாய் விட்டே சொன்னேன் தம்பி. 'பாரு, இது நம்ம கோயில் கோபுரம். இது குரும்பூர், ரயில் போற இடம், இங்க பாத்துத் தாண்டணும். இது குளக்கரை. நாய் உண்டு, மேட்டு வழியா வரணும்.' வண்டியில் ஒரே சிரிப்பு. "என்ன அண்ணாச்சி, பூனைக்கு ஊர் சுத்திக் காட்டுதியளா?" என்றான் ஒருவன். கண்டக்டர் வந்து, "இதுக்கு அரை டிக்கெட் போடவா, சீனியர் சிட்டிசனா?" என்று கேட்டார். சிரிக்கட்டும். கருப்பட்டி கத்தவே இல்லை. காதை விடைத்துக்கொண்டு, கண்ணை அகல வைத்துக்கொண்டு பார்த்தது. நான் விரலை நீட்டும் பக்கமெல்லாம் பார்த்தது. அப்படி ஒரு மாணவனை எந்த வாத்தியாரும் பார்த்திருக்க மாட்டார்.

ஏரல் பாலம் ஏறும்போது மழை பிடித்தது. எனக்கு முன் சீட்டில் கைப்பிள்ளையோடு ஒருத்தி இருந்தாள். அவள் திரும்பிப் பார்த்து, "பெரியவரே, ஷட்டர எறக்கும்யா, பிள்ளைக்குச் சளி" என்றாள். 'ஒரு பத்து நிமிசம் பொறும்மா' என்றேன். "ஒம்ம பூன காத்து வாங்கணும்னு எம்பிள்ள சாவணுமா?" என்று ஒரு கத்து. உடனே நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் எக்கி வந்து ஷட்டரை இழுத்து விட்டான். டப்பென்று இருட்டு. பாலத்தைத் தாண்டியதிலிருந்து சாயர்புரம் வரைக்கும் அந்தத் துண்டு ரோட்டை மட்டும் கருப்பட்டி பார்க்கவில்லை.

அந்தத் துண்டுதான் தம்பி. மற்றது அதற்கு மனப்பாடம். ஏரல் பாலம் வந்து சேர்ந்துவிட்டால் போதும், அங்கிருந்து தூங்கிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிடும். இடையில் அந்தத் துண்டு தெரியாமல்தான் அலைகிறது. அந்தப் பெண்பிள்ளையை இன்றைக்குப் பார்த்தாலும் கேட்பேன், உன் பிள்ளைக்குச் சளி விட்டுதா என்று.

செல்லக்கனியிடம் நூறு தடவை சொல்லிவிட்டு வந்தேன். கட்டாதே, அடிக்காதே, கதவைப் பார்த்துக்கொள். "எண்ணே, நான் நாலு பிள்ள வளத்தவ" என்றாள். அவள் பிள்ளைகள் யாரும் பண்டிகைக்குக்கூட அவளிடம் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

ஆல்வின் குடும்பத்தோடு வந்து இறங்கினான். ஜெமி செருப்பைக் கழற்றவில்லை, "கருப்பட்டி எங்க தாத்தா?" என்று கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். கிரைண்டருக்குப் பின்னால் பார்த்தாள். பரணைப் பார்த்தாள். அவள் பையிலிருந்து பூனைத் தீனிப் பொட்டலம், ஒரு துணி மீன், கழுத்துப் பட்டை எல்லாம் வெளியே வந்தன. 'கருப்பட்டி பத்திரமா இருக்கு' என்று சொன்னேன், ஷீபா முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் நின்றுவிட்டாள். "அனுப்பிட்டீங்களா மாமா? பத்திரமா வெச்சுக்கோங்கன்னுதானே சொன்னேன்? இவ அது பக்கத்துல படுக்கணும்னு ஒரு மாசமா சொல்லிட்டிருக்கா. அதான் எங்க படுக்கும்னு கேட்டேன்."

என்ன நடிப்பு! கண்கூடக் கலங்கியது. காரியம் முடிந்த பிறகு அப்படித்தான் பேசுவார்கள். ஆல்வின், "எப்பா, நாளைக்குக் காலைல கார எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வந்துருவோம்பா" என்றான். முடியாது என்றேன். பண்டிகை முடியட்டும் என்றேன். ஒருத்தி மனசுக்காக ஒரு காரியம் செய்துவிட்டால் நான் அதை மாற்றுகிறவன் இல்லை. ஜெமி அந்தத் துணி மீனைக் குடிலில், ஆட்டுக்குட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். வைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் சாயர்புரத்தில் வீடு வீடாகப் பாடிப் போகும் கீதபவனி. வாலிபர்கள் கொட்டடித்துக்கொண்டு செல்லக்கனி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவள் கதவைத் திறந்திருக்கிறாள். கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடி போட்டவன் குதித்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறான். எவனோ வாசலில் வெடிச் சரத்தைக் கொளுத்திப் போட்டான். அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் விடியற்காலை ஆராதனை முடிந்து வந்ததும் ஃபோன் வந்தது. "எண்ணே, கதவத் தொறந்தது ஒரு நிமிசந்தாண்ணே" என்று அழுதாள். ஒரு நிமிடமாம். கதவுக்கு ஒரு நிமிடமே அதிகம் இல்லையா?

நான் உடனே பஸ் ஏறினேன். "நான் கார்ல கூட்டிட்டுப் போறேன்ப்பா" என்று ஆல்வின் பின்னாலேயே ஓடிவந்தான். காரில் போனால் ரோட்டோரம் என்ன தெரியும்? மேலும் கருப்பட்டிக்குத் தெரிந்தது பஸ். ஷீபா இலையில் பலகாரம் எடுத்து வைத்திருந்தாள், முறுக்கும் முந்திரிக்கொத்தும். ஜெமி புதுக் கவுன் போட்டுக்கொண்டு நடுவீட்டில் நின்றாள். நான் பார்த்தேன், பார்க்காமல் இல்லை. ஆனால் அவர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள், கருப்பட்டி வெளியே இருந்தது. யார் முதலில்?

அன்று பொழுது அடையும்வரை சாயர்புரம் முழுக்கத் தேடினேன். திரும்பி வந்தபோது ஜெமி சமையலறை ஜன்னலுக்குக் கீழே பாயில் கிடந்து தூங்கினாள். ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு கிண்ணத்தில் பால் ஊற்றி வைத்திருந்தாள். அந்தக் கிண்ணம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பாலை நான் தினமும் மாற்றுகிறேன்.

புது வருடம் வரைக்கும் இருப்பதாக வந்தவர்கள் முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். "நீங்க காலையில போயி இருட்டினப்புறம் வாறீங்க. வீட்ல நாங்க யாருக்காகப்பா இருக்கணும்?" என்றான் ஆல்வின். பிள்ளை கொஞ்சம் முன்கோபி. அவன் அம்மா வழி.

செல்லக்கனி வீட்டில் நான் அதற்குப் பிறகு கை நனைத்ததில்லை. அந்த வாசல் வழியாகத்தான் நடந்து போகிறேன். காப்பியை ஆற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டில் நிற்பாள். "எண்ணே, ஒரு வாய்" என்பாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவேன். வயது ஆகிறது அவளுக்கும். ஆனாலும் கதவு கதவுதானே?

ஒன்று சொல்ல விட்டுப்போனது. ஏரலுக்கு அந்தப் பக்கம் ஒரு வாழைத் தோட்டம். அங்கே ஒருவரைப் பார்த்தேன், பேர் சுடலைமணி. நான் அடையாளம் சொல்லிக் கேட்டதும் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை ஊன்றிவிட்டு நின்றார். "அந்தப் பண்டிகை சமயத்துலதான் அண்ணாச்சி, ரோட்டோரம் ஒரு பூனை அடிபட்டுக் கெடந்துச்சு. கருப்பட்டி நெறந்தான். கழுத்துல செவப்புத் துணி கெட்டியிருந்துச்சு. ஆரோ வளத்த பூனை போலயேன்னு மனசு கேக்காம நாந்தான் பொதச்சேன். எடத்தக் காட்டட்டா?"

எதற்குக் காட்ட வேண்டும்? சிவப்பு என்று அவரே சொல்லிவிட்டாரே. கருப்பட்டிக்குக் கட்டியிருந்தது அரக்கு. சொன்னேன். அவர், "நனைஞ்சு கெடந்துச்சு அண்ணாச்சி, செவப்புதானா இன்னதான்னு..." என்று இழுத்தார். நிறம் தெரியாத மனிதர். யாரோ வளர்த்த பூனை, பாவம். அவர் நல்ல மனதுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு என்னமோ நடக்க முடியவில்லை. காலில் வலி. பஸ் ஸ்டாப்பில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஃபோன் அடிக்கிறது. இருக்கட்டும், ஆல்வின்தான். பிறகு பேசலாம். காலையிலிருந்து அடிக்கிறான்.

இது அதற்குப் பிறகு வரும் மூன்றாவது கிறிஸ்துமஸ். நான் ஆயத்தமாக இருக்கிறேன் தம்பி. வீட்டில் குடில் வைப்பதில்லை, ஜிகினா இல்லை. ஸ்டார் கட்டுவதில்லை, வயர் இல்லை. கேக் வாங்குவதில்லை. ஷீபா சொன்ன எதையும் நான் விடவில்லை, ஒன்றுகூட விடவில்லை. தெருவில் வீடு வீடாகப் போய் வெடி போடாதீர்கள் என்று கேட்டேன். பக்கத்து வீட்டு ஞானராஜ் இருக்கிறான், வாய் ஜாஸ்தி. "அண்ணாச்சி, இருக்கிற நாய்க்கே நாங்க பயப்படல, இல்லாத பூனைக்கா?" என்றான். அவன் பெண்டாட்டி அவனை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். ஆனால் பாருங்கள், போன வருடம் எங்கள் வீட்டுப் பக்கம் யாரும் வெடிக்கவில்லை. கீதபவனிக்காரர்கள்கூட என் வீடு வரும்போது கொட்டை நிறுத்திவிட்டு, பாட்டையும் நிறுத்திவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போய்விட்டுத்தான் மறுபடி ஆரம்பித்தார்கள். எவ்வளவு மரியாதை! எங்கள் சபைப் போதகர் சேகர ஐயர் வந்து எனக்காக ஜெபம் செய்தார். பூனைக்காகச் செய்யுங்கள் ஐயரே என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். செய்திருப்பார்.

மறுபடியும் அடிக்கிறான். நீங்கள் பார்க்கிறீர்கள், எடுக்காவிட்டால் தப்பாக நினைப்பீர்கள். ஒரு நிமிடம். ஜன்னலைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் பேசி முடிக்கும்வரை. கருப்பட்டி நிறம். அரக்கு நாடா.

"சொல்லுப்பா... பஸ்ல இருக்கேன்... ஆமா, சாயர்புரத்துக்குத்தான்... டிக்கெட் எடுத்தாச்சா? எதுக்குப்பா எடுத்த? நாந்தான் போன வாரமே சொன்னேன்லா... இல்லப்பா, நீங்க வந்தா கதவு தொறக்கதும் அடைக்கதுமா இருக்கும். இத்தன நாள் கழிச்சு வாசல் வர வந்துட்டு மெரண்டு ஓடிட்டுன்னு வையி, பொறவு என்ன செய்ய?... ஷீபா பேசணுங்காளா? அவட்ட நான் என்னத்தப் பேச? அவ சொன்னபடிதான செஞ்சிட்டிருக்கேன்... சரி, பிள்ளையக் குடு."

"ஜெமி... நல்லாருக்கேன் கண்ணு... இன்னும் வரல. வந்துட்டே இருக்கு... ஆமா, நடந்துல்லா வருது, நாளாவும்... என்னது?... இல்ல கண்ணு, நீ சத்தம் போட மாட்டன்னு தாத்தாவுக்குத் தெரியும்... வெடி போட மாட்ட, தெரியும்... ஓடியாட மாட்ட... ஆனா புது ஆள் வாசம் அதுக்கு ஆகாதுல்லா... நீ புது ஆளு இல்லதான்... அடுத்த வருசம் பாப்போம். வை, பாலம் வருது."

பார்த்தீர்களா? ஏதாவது தெரிந்ததா? இல்லையா. சரி.

பிள்ளைக்கு நல்ல ஜலதோஷம் போல. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசுகிறாள். அந்தக் குளிரில் இவர்கள் பிள்ளையைக் கவனிக்கிறதில்லை. பேசும்போது கடைசியில் ஒன்று சொன்னாள், கேட்டீர்களா, 'நான் வந்து ஜன்னல் பக்கத்துல அசையாம உக்காந்துக்கிறேன் தாத்தா' என்று. அசையாமல் எப்படி உட்காருவாள், குழந்தை? பிள்ளையிடம் ஃபோனைக் கொடுக்கும் முன்னால் ஆல்வின் டிக்கெட்டை ரத்து செய்துவிடுவதாகச் சொன்னான். 'இனி நான் கேக்க மாட்டேன்ப்பா' என்றான். நல்லது. எனக்கும் ஒவ்வொரு வருடமும் அவனுக்கு விளக்கிச் சொல்ல முடியவில்லை.

என்ன தம்பி? முகம் வாடிவிட்டது. பண்டிகைக்குப் போகிறவர், சந்தோஷமாக இருங்கள். உங்கள் நாய்க்கு ஒன்றும் ஆகாது, வயரை மட்டும் உயரத்தில் விடுங்கள்.

இதோ பாலம். தூற்றல் விழுகிறது, பார்த்தீர்களா? எப்போதும் இந்த இடத்தில்தான் மழை பிடிக்கும். எனக்கென்றே பிடிக்கும்.

யார் அது? ஷட்டரா? ஒரு பத்து நிமிசம் பொறும்மா. சாரல்தானே. இல்லை, இறக்க மாட்டேன். சத்தம் போட்டாலும் சரி, இறக்க மாட்டேன். அன்றைக்கு இறக்க விட்டதுதான் இவ்வளவும். கண்டக்டரைக் கூப்பிடு, யாரை வேண்டுமானாலும் கூப்பிடு.

தம்பி, உங்கள் ஸ்டார் நனைகிறது. சாயம் வழிந்து சட்டையெல்லாம் சிவப்பாகிவிட்டதே. வேண்டாம், அந்த ஷட்டர் கம்பியில் கை வைக்காதீர்கள், நீங்களுமா? நீங்கள் நல்ல பிள்ளை என்று நினைத்தேன். பின்னால் இடம் இருக்கிறது பாருங்கள், அங்கே ஷட்டரெல்லாம் போட்டிருக்கிறார்கள். அங்கே போய் உட்காருங்கள். போங்கள், என்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். போய் வாருங்கள்.

இந்தத் துண்டு ரோட்டில் ஒருத்தராவது பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.